ஸ்டாண்ட் அவருடையது, மரம் யாருடையது?

அமெரிக்காவின் மிச்சிகனில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி இது. வேட்டைப் பாதுகாப்பு (ஹன்டர் சேஃப்டி) வகுப்பை முடித்து, லைசென்ஸ் எடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அரசு வேட்டை நிலத்தில் கோடை முழுக்க நடந்து ஓர் ஓடைத் திருப்பத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு மான் தடங்கள் கூடும் இடம். செப்டம்பர் கடைசியில் போனால், அவர் மனதில் குறித்து வைத்திருந்த மரத்திலேயே வேறு யாரோ ஏணி ஸ்டாண்ட் (ஏணி வைத்த வேட்டைப் பரண்) ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஆள் இல்லை. "காலியாக இருந்தால் நான் ஏறி உட்காரலாமா? பக்கத்து மரத்தில் என்னுடையதைக் கட்டலாமா? நாளைக்கு என் ஸ்டாண்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் இறங்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?"

முதல் இரண்டுக்கும் என் பதில்: வேண்டாம். மூன்றாவதுக்கு: கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். சட்டம் ஒன்று சொல்கிறது, காட்டில் பழகியவர்களின் வழக்கம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வேட்டைப் பழக்கம் இல்லாமல் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரீ ஸ்டாண்ட் என்பது மரத்தில் கட்டும் பரண். பதினைந்து இருபது அடி உயரத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவு இரும்பு அல்லது அலுமினியத் தட்டு. மானின் கண்மட்டத்துக்கு மேலே இருப்பதால் நம் அசைவு சட்டென்று தெரியாது, நம் வாடையும் கொஞ்சம் மேலாகப் போகும். வில்லோடு போகிறவர்களுக்கு மான் இருபது முப்பது கஜத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதால் இடம்தான் எல்லாமே. சண்டை வருவதும் அதனால்தான்.

சரி, சட்டம். மிச்சிகனில் பொதுநிலத்தில் கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஸ்டாண்டுக்கு மட்டுமே அனுமதி. செப்டம்பர் 1-க்கு முன் கட்டக்கூடாது, மார்ச் 1-க்குள் கழற்றிவிட வேண்டும். பெயரும் முகவரியும், அல்லது மிச்சிகன் டிரைவிங் லைசென்ஸ் எண், அல்லது இயற்கை வளத்துறை கொடுக்கும் ஸ்போர்ட் கார்டு எண், கீழே நின்று படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். மரப்பட்டையைத் துளைத்துப் போகும் திருகுப் படிகள் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பலர் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். அரசுக் காட்டு மரம் ஒருநாள் வெட்டப்பட்டு அறுப்பு மில்லுக்குப் போகும். பட்டை மூடிப் புதைந்துபோன ஆணி ஒன்று போதும், ரம்பப் பல் உடைந்து தெறிக்கும். மில்லில் நிற்பவனுக்குத்தான் ஆபத்து.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வரும் விதி. ஸ்டாண்டில் பெயர் எழுதிவிட்டதால் அந்த ஸ்டாண்டோ அதைச் சுற்றியுள்ள இடமோ உங்களுக்கு மட்டும் என்று ஆகிவிடாது. இதை வேட்டைக் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல மரத்தில் இரும்பைக் கட்டி ஒரு பள்ளத்தாக்கையே பிடித்துவிட முடியாது. ஆனால் அதே கையேட்டில் இன்னொன்றும் இருக்கிறது: விதிக்குப் புறம்பாகக் கட்டிய ஸ்டாண்டைப் பயன்படுத்துவது குற்றம், அதை யார் கட்டியிருந்தாலும் சரி. அதாவது பெயர் இல்லாத ஸ்டாண்டில், திருகுப் படி மிதித்து நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது அதிகாரி வந்தால், "நான் கட்டவில்லை சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான்.

எல்லை தாண்டினால் விதியும் மாறும். பென்சில்வேனியாவின் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் எனப்படும் அரசு வேட்டை நிலங்கள் சுமார் 15 லட்சம் ஏக்கர். அங்கே முதல் மான் சீசனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து கடைசி சீசன் முடிந்து இரண்டு வாரம் வரை ஸ்டாண்ட் இருக்கலாம், அடையாளம் எழுதியிருக்க வேண்டும். விஸ்கான்சினில் இயற்கை வளத்துறை நிலமென்றால், 64-ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே இரவிலும் விட்டு வைக்கலாம். தெற்கே அன்றன்றைக்கு வேட்டை நேரம் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போக வேண்டும். மின்னசோட்டாவில் யாராவது பொதுநிலத்தில் நிரந்தரமாகப் பலகையடித்து ஸ்டாண்ட் கட்டியிருந்தால் அது கட்டியவருக்குச் சொந்தமில்லை. காலியாக இருந்தால் முதலில் வந்தவர் உட்காரலாம். டெக்சாஸில் இந்தக் கேள்வியே அதிகம் எழாது, அங்கே கிட்டத்தட்ட எல்லா நிலமும் தனியாருடையது. ஆக, நண்பர் ஒருவர் விஸ்கான்சினில் அப்படிச் செய்தார், இன்னொருவர் ஒஹாயோவில் இப்படிச் செய்தார் என்ற கதையைக் கேட்டுக்கொண்டு மிச்சிகன் காட்டுக்குள் போகாதீர்கள். அந்த வருடத்துக் கையேட்டைத் திறந்து பாருங்கள். அரசு நிலம், தேசியக் காடு, ஊர்ப் பூங்கா என்று ஒரே மாவட்டத்துக்குள்ளேயே விதி மாறும்.

சட்டம் இவ்வளவுதான். அடுத்தவர் ஸ்டாண்டில் ஏறாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் மரியாதைகூட இல்லை, உயிர். அந்த ஸ்டாண்டை மரத்தோடு பிடித்திருப்பது ஒரு நாடாப் பட்டை (ஸ்ட்ராப்). அந்தப் பட்டை எந்த வருடம் கட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. மரம் பருக்கும்போது பட்டை இறுகிக்கொண்டே போகும். வெயிலில் நூல் வெளுத்து மொடமொடப்பாகும். அணிலுக்கு அதைக் கடித்துப் பார்ப்பதில் ஒரு குஷி. கீழே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பட்டையை இறுக்கும் ராட்செட்டுக்குப் பின்னால், மரத்தோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில், பட்டையின் பாதி அகலம் அறுந்து பஞ்சு பஞ்சாகத் தொங்குவதை ஏறிய பிறகுதான் பார்ப்பீர்கள். அப்போது இருட்டு, பதினாறு அடி உயரம், தலையில் ஹெட்லாம்ப். தன் ஸ்டாண்டையே வருடா வருடம் பட்டை மாற்றிக் கட்டுபவன் மட்டும்தான் நிம்மதியாக உட்கார முடியும். விழுபவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதோ, இறங்கும்போதோ, ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போதோதான் விழுகிறார்கள். அதனால்தான் தரையிலிருந்தே ஹார்னஸை (உடம்பில் அணியும் பாதுகாப்பு வார்) மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏறச் சொல்கிறார்கள். அடுத்தவர் ஸ்டாண்டில் அந்தக் கயிறும் இருக்காது, இருந்தாலும் அது எப்படிப்பட்ட கயிறு என்று உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம்தான் மரியாதை. அவர் அந்த நாற்பது ஐம்பது பவுண்டு இரும்பைச் சுமந்து ஒரு மைல் நடந்திருக்கிறார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வந்து, தன் ஸ்டாண்டில் வேறொருவர் கால் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் மனிதரின் மனநிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். அவர் கையில் வில் இருக்கும், உங்கள் கையிலும் வில் இருக்கும், சுற்றிலும் ஒரு ஆள் இருக்க மாட்டார்.

அடுத்தது தூரம். இதற்குச் சட்டத்தில் எண் கிடையாது, வழக்கத்தில் உண்டு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். என் கணக்கு இது. இலை உதிராத அடர்காட்டில், வில் சீசனில், ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாதபடி குறைந்தது 150 கஜம். திறந்த காட்டில் 200-க்கு மேல். துப்பாக்கி சீசனில் 300, 400 கஜத்துக்கு உள்ளே உட்கார எனக்கு மனசு வராது. மிச்சிகனில் துப்பாக்கி சீசன் தொடங்கும் நவம்பர் 15 காலையில் அரசு நிலத்தில் இந்தத் தூரம் கிடைக்காது, அது வேறு விஷயம். அன்றைக்கு வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு உடுப்புகள் காடெங்கும் தெரியும். அப்போது குறைந்தபட்சம் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் குண்டு போகக்கூடிய திசையில் அவர் இருக்கக்கூடாது, அவர் குண்டு போகும் திசையில் நீங்களும் இருக்கக்கூடாது.

புதிதாக வருபவர்கள் தூரத்தை மட்டும் அளக்கிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள். வெள்ளைவால் மானுக்கு மூக்குதான் உலகம். அவருக்கு 250 கஜம் தள்ளி உட்கார்ந்தாலும், காற்று உங்களைத் தாண்டி அவர் எதிர்பார்க்கும் மான் தடத்தின் மேல் போகிறதென்றால் அவருடைய காலையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள். மான் படுக்கும் புதருக்கும் அவர் ஸ்டாண்டுக்கும் நடுவே நீங்கள் போய் உட்கார்ந்தாலும் அதே கதைதான். மான் முதலில் உங்களைத் தாண்ட வேண்டும். வழக்கமறிந்தவர்கள் இதை வெட்டிப் பிடிப்பது என்று கோபமாகச் சொல்வார்கள், கோபம் நியாயம்தான். ஸ்டாண்டைப் பார்த்ததும், அதன் இருக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, மான் எங்கிருந்து வருமென்று அவர் நினைத்திருக்கிறார் என்பதைப் படித்துவிட முடியும். அதற்கு முதுகுப் பக்கம் நகர்ந்து போங்கள். மேட்டு நிலமென்றால் இன்னொன்று: விடியும் முன் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும், வெயில் பட்டதும் மேலேறும். காலை ஏழு மணிக்கு யாருக்கும் தொந்தரவில்லாத இடம் பத்து மணிக்கு அப்படியிருக்காது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். சிலர் செப்டம்பர் 1 அன்றே ஒரே காட்டில் ஐந்தாறு இடத்தில் ஸ்டாண்டைக் கட்டிவிட்டு, சீசன் முழுவதும் ஒன்றிரண்டில்தான் உட்காருவார்கள். மற்றவை சும்மா நிற்கும், புதியவர்களைப் பயமுறுத்தி விரட்ட. இந்தப் பழக்கத்துக்கு நான் மரியாதை கொடுப்பதில்லை. ஏணியில் சிலந்தி வலை, இருக்கையில் போன வருடத்து இலை, பட்டை மரத்துக்குள் புதைந்திருக்கிறது என்றால் அது கைவிடப்பட்ட ஸ்டாண்ட். அதில் ஏறவும் வேண்டாம், அதற்காக ஒதுங்கவும் வேண்டாம். வேறு மரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள். அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது மட்டும் கூடாது. விதியை மீறி நிற்கும் ஸ்டாண்டாக இருந்தாலும் அடுத்தவர் பொருள், நீங்கள் எடுத்தால் திருட்டு. இயற்கை வளத்துறைக்கு இடத்தைக் குறித்துத் தகவல் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆளே உட்கார்ந்திருந்தால்? அக்டோபர் கடைசியில் மிச்சிகனில் சூரியன் எட்டு மணி வாக்கில்தான் உதிக்கும்; அதற்கு அரை மணி முன்பிருந்து எய்யலாம். ஆறரைக்கெல்லாம் உங்கள் இடத்தில் இருந்தால், ஏழே காலுக்கு விளக்கடித்துக்கொண்டு அடுத்தவர் ஸ்டாண்டுக்குக் கீழே நடக்க வேண்டிய நிலை வராது. இருட்டில் நடக்கும்போது மரத்தின் மேலிருந்து ஒரு விளக்கு மினுக்கினால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று பொருள். பதிலுக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு வந்த வழியே திரும்புங்கள். கத்திப் பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒரு பிக்கப் நிற்கிறது என்றால் அப்போதே மாற்று இடத்தை யோசியுங்கள். பொதுநிலத்தில் வேட்டைக்குப் போகிறவருக்கு இரண்டாவது, மூன்றாவது இடம் கையிலிருந்தே ஆக வேண்டும். ஒரே இடத்தை நம்பிப் போகிறவர்கள்தான் சண்டை போடுகிறார்கள்.

உங்கள் ஸ்டாண்டிலேயே வேறொருவர் இருந்தால், "அது என்னுடையது, இன்றைக்கு நான் உட்காரலாம் என்று வந்தேன்" என்று ஒருமுறை தணிந்த குரலில் சொல்லுங்கள். பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டு இறங்கிவிடுவார்கள். "பொதுநிலம்தானே" என்று பதில் வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். அப்புறம் அன்று மாலையே ஸ்டாண்டைக் கழற்றிக்கொள்ளலாம். கீழே நின்று சத்தம் போட்டு, மரத்தை ஆட்டி, மான் வராமல் செய்தால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். வேட்டைக்காரரை இடைஞ்சல் செய்வதற்கு எதிரான சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. வன விலங்கு ஆர்வலர்களை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் சக வேட்டைக்காரருக்கும் பொருந்தும். முன்கூட்டியே தடுக்க வழி உண்டு: போகும்போது ஏறுபடியின் கீழ்த் துண்டைக் கழற்றி எடுத்துப் போய்விடுங்கள், மீதியைச் சங்கிலியும் பூட்டும் போட்டு மரத்தோடு கட்டுங்கள்.

விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு விஸ்கான்சினில் நடந்த ஒன்று காரணம். 2004 நவம்பர் 21, சாயர் கவுன்டி. மின்னசோட்டாவிலிருந்து வந்த ஹ்மாங் என்ற தென்கிழக்காசிய இனத்தைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவர் தனியார் நிலத்துக்குள் போய் அங்கிருந்த மான் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நிலத்துக்காரரின் கூட்டத்தில் ஒருவர் பார்த்து இறங்கச் சொன்னார், அவரும் இறங்கி நடந்தார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் வண்டியில் வந்து மறித்தார்கள், வாய்ச்சண்டை, பிறகு துப்பாக்கி. ஆறு பேர் செத்தார்கள், இரண்டு பேர் காயம். தன்னை இன வசை பேசினார்கள், முதலில் சுட்டது அவர்கள்தான் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஜூரி ஏற்கவில்லை, ஆயுள் தண்டனை. அது பொதுநிலமல்ல, ஆனால் தொடங்கியது ஒரு ஸ்டாண்டில். நம்மைப் போன்ற தோல் நிறத்தோடு அமெரிக்கக் காட்டுக்குள் போகிறவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பயந்து வீட்டிலிருக்கச் சொல்லவில்லை. நான் பார்த்த பழைய வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் புதியவர்களிடம் தாராளமாகவே பேசுவார்கள். எல்லைக்கோட்டைச் செல்போன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே நடங்கள், வாக்குவாதம் தொடங்கினால் முதலில் நகர்கிறவர் நீங்களாக இருங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அதிகாரியிடம் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் வரப்போகும் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்பு பட்ட மான் ரத்தம் சிந்திக்கொண்டே நேராக அடுத்தவர் ஸ்டாண்டுப் பக்கம் ஓடும். நல்ல இடத்தில் பட்டிருந்தாலும் அரை மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். வயிற்றில் பட்டிருந்தால் மணிக்கணக்கில். அந்த நேரத்தை அவருக்கும் உபயோகப்படுத்துங்கள். மாலையென்றால் எய்யும் நேரம் முடிந்து அவர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு அவரிடமே போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் விளக்கை எடுத்துக்கொண்டு ரத்தத் தடம் தேட வருவார். இரண்டு பேர் அம்பும் ஒரே மானில் பட்டுவிட்டால், முதலில் உயிர்போகும் காயத்தை உண்டாக்கியவருக்கே மான் என்பது பழைய வழக்கம். எது உயிர்போகும் காயம் என்பதில்தான் சிக்கல். மானை அறுத்து நெஞ்சுக்கூட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். தகராறு பெரிதாகும் போலிருந்தால் கொம்பை விட்டுக்கொடுத்துப் பாதி இறைச்சி கேளுங்கள். வயிற்றுக் குடலை அவர் ஸ்டாண்டுக்கு அடியிலோ நடைபாதையிலோ போட்டுவிட்டு வராதீர்கள், சற்றுத் தள்ளி இழுத்துப் போய்ச் சுத்தம் செய்யுங்கள்.

அந்தக் காடு மான் வேட்டைக்காரருக்கு மட்டுமானதும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஒருவர் நாயோடு கௌதாரி வேட்டைக்கு வருவார், அணில் வேட்டைப் பையன்கள் வருவார்கள். மிச்சிகனின் பிங்க்னி பொழுதுபோக்குப் பகுதி மாதிரியான இடங்களில் சைக்கிள் பாதையே ஓடுகிறது. அவர்கள் உங்கள் மானை விரட்டிவிட்டதாகத் தோன்றும். அவர்களுக்கும் உங்களுக்கும் அதே உரிமைதான். பாதையிலிருந்து நல்ல தூரம் உள்ளே போய்க் கட்டுவது உங்கள் வேலை.

இனி உங்கள் ஓடைத் திருப்பம். அந்த ஏணி ஸ்டாண்டில் பெயர் இருக்கிறதா, பட்டை புதியதா என்று கீழே நின்றபடி பாருங்கள். புதியதென்றால் அவர் வருவார். ஓடையின் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ 300 கஜம் நடந்தால் அதே மான்கள் நடக்கும் இன்னொரு குறுகல் கிடைக்க வாய்ப்பு அதிகம். அக்கரைக்குப் போக முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தால் இன்னும் நல்லது, பெரும்பாலோர் அதற்குச் சோம்பல்படுவார்கள். ஏணி ஸ்டாண்டை வாங்காதீர்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் கிளைம்பர் ஒன்றோ, சேடில் எனப்படும் தொங்கும் இருக்கையோ வாங்கிக்கொண்டால் காலையில் சுமந்து போய் இரவில் சுமந்து வந்துவிடலாம். யாரும் உட்கார மாட்டார்கள், யாரும் திருட மாட்டார்கள், நினைத்த அன்று இடம் மாறலாம். சேடிலை முதலில் வீட்டுக் கொல்லைப்புற மரத்தில் மூன்றடி உயரத்தில் தொங்கிப் பழகிக்கொள்ளுங்கள். வில்லைக் கயிறு கட்டி மேலே இழுங்கள், கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள்.